வலியங்காடித் தெருவின் பழைய காகிதங்கள் எந்த ஊரில் இருக்கின்றன?

அரிசிக்கடைப் பேத்தி (கேள்வி)

பாலக்காட்டு வலியங்காடியில் எங்கள் கொள்ளுத்தாத்தா அரிசி மண்டி வைத்திருந்தார். கடை கைமாறிப் பல காலமாகிவிட்டது. நான் கோயம்புத்தூரில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வாரக் கடைசியில் வாளையாறு தாண்டி ஊருக்கு வந்துவிடுவேன். குடும்பப் பெருமை எழுதும் ஆசை எனக்கு இல்லை. அந்தத் தெருவின் கதை வேண்டும். எந்தக் கடை எப்போது வந்தது, நெல் எங்கிருந்து வந்து எங்கே போனது, ரயில் வந்தபின் மாட்டுவண்டிக்காரர்கள் என்ன ஆனார்கள், இதெல்லாம். கடைவீதியில் இன்றும் தமிழில் விலை கேட்டு மலையாளத்தில் பேரம் பேசி முடிக்கிறார்கள். இது எத்தனை தலைமுறைப் பழக்கம் என்று யாரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை.

இணையத்தில் "பாலக்காடு வரலாறு" என்று போட்டால் கோட்டை, கல்பாத்தித் தேர், மலம்புழை யட்சி. இந்த மூன்றைச் சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளூரில் ஒரு நூலகத்தில் பழைய பத்திரிகைகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். "இருந்தன, கட்டி வைத்தோம், கட்டு எங்கே என்று தெரியவில்லை" என்றார்கள். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கையில் இருப்பது ஒரே ஒரு ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம். முத்திரைத்தாளில் மலையாள எழுத்து, கோழி கிளறியதுபோல. "1076 மகரம் 14" என்ற தேதியும், அம்சம், தேசம் என்று வரும் இடமும் மட்டும் எனக்குப் புரிகின்றன. கீழே கொள்ளுத்தாத்தா தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கடையை வாங்கியதா, ஒற்றிக்குப் பிடித்ததா என்பதுகூட விளங்கவில்லை.

ஆவணக் காப்பகத்துக்குப் போ என்கிறார்கள். ஒருவர் திருவனந்தபுரம் என்கிறார், ஒருவர் கோழிக்கோடு, இன்னொருவர் சென்னை. எனக்கு இருக்கும் விடுப்பில் மூன்று ஊருக்கும் அலைய முடியாது. எது சரி? போவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்தபடியே என்னவெல்லாம் பார்த்துவிடலாம்?


வாளையாறு வண்டி

லோகனின் மலபார் மேனுவல், 1887. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் படித்தால் போதும், எல்லாம் அதில் இருக்கிறது. காப்பகத்துக்கெல்லாம் எதற்கு அலைச்சல்?


ஒலவக்கோட்டு ஓய்வூதியன்

லோகனைப் படித்தால் போதும் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் லோகனைப் படித்திருப்பதில்லை. தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். லோகன் பெரிய ஆள்தான். ஆனால் அவர் மனம் முழுக்க ஜன்மி, காணக்காரன், குடியான் என்று நிலத்திலேயே கிடந்தது. கடைவீதியில் அவர் நெடுநேரம் நிற்கவில்லை. அரிசி மண்டியைத் தேடிப் போகிறவருக்கு அவர் இரண்டாவது ஆள். முதல் ஆள் யார் என்று பிறகு சொல்கிறேன்.

அம்மா, நீங்கள் எந்த ஊருக்குப் போவது என்று கேட்டீர்கள். காகிதம் ஊரோடு தங்குவதில்லை, அரசாங்கத்தின் பின்னால் போய்விடும். ஆகவே எந்தக் காலத்தில் உங்கள் தெருவை யார் ஆண்டார்கள் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 1766இல் ஹைதர் அலி கோட்டை கட்டினார். 1790இல் கோட்டை கும்பினியாரிடம் விழுந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் மலபாரே அவர்கள் கைக்கு வந்தது. சில ஆண்டுகள் பம்பாய்க்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள், 1800 முதல் சென்னை. அன்றிலிருந்து 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னை மாகாணம் மலபார் ஜில்லாவைச் சேர்ந்த ஊர். ஜில்லாவுக்குத் தலைமையிடம் கோழிக்கோடு.

இப்போது கணக்குச் சுலபம். கலெக்டர் கச்சேரியோடு நின்றுபோன காகிதங்கள் கோழிக்கோட்டு மண்டல ஆவணக் காப்பகத்தில். அங்கிருந்து மேலே ரெவின்யூ போர்டுக்கும் சென்னைக் கோட்டை அரசாங்கத்துக்கும் போனவை சென்னை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில். திருவனந்தபுரத்தில் இருப்பவற்றில் பெரும்பகுதி திருவிதாங்கூர்ச் சரக்கு. உங்கள் தெருவுக்கும் அதற்கும் அதிக ஒட்டு இல்லை. மலம்புழை அணையையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குக் கேரளத்தின் பெருமை. 1955இல் அதைத் திறந்துவைத்தவர் சென்னை முதலமைச்சர் காமராஜர். அந்த அணையைப் பற்றி எழுத நினைக்கிற பாலக்காட்டுக்காரர் எழும்பூருக்குத்தான் ரயில் ஏற வேண்டும்.

வீட்டிலிருந்து செய்யக்கூடியது. சிகாகோ பல்கலைக்கழகத்தார் நடத்தும் தெற்காசிய மின்நூலகத்தில் இம்பீரியல் கெசட்டியர் முழுவதும் இருக்கிறது. 19ஆம் தொகுதியில் பாலக்காடு. அரைப் பக்கம்தான், ஆனால் அடித்தளம் அதுதான்: 1901இல் நகர மக்கள்தொகை 44,177. அடுத்தது இன்னிஸ் எழுதிய மலபார் ஜில்லா கெசட்டியர், 1908. நகரங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள லோகனைவிட இவர் மேல். கடைசி அத்தியாயத்தில் தாலுகா தாலுகாவாகப் பிரித்து ஊர் ஊராகச் சொல்கிறார். முன்னுரையையெல்லாம் விட்டுவிட்டு நேரே அங்கே போங்கள்.

இனி அந்த முதல் ஆள்: புக்கானன். 1800 நவம்பர் கடைசியில் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து கொல்லங்கோடு வழியாக மலபாருக்குள் நுழைந்தார். அவர் பயண நூல் 1807இல் மூன்று தொகுதிகளாக அச்சானது. இணையத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. கும்பினியார் அவரை அனுப்பியதே நாட்டில் என்ன விளைகிறது, என்ன விற்கிறது என்று பார்த்துவரத்தான். போகிற இடமெல்லாம் மனிதர் விலை கேட்கிறார், அளவு கேட்கிறார், நெசவாளிக்குக் கூலி என்ன என்று கேட்கிறார். நம்மைப் பற்றி அவர் சொல்லும் அபிப்பிராயங்கள் சில இடங்களில் எரிச்சலூட்டும்; அதைச் சகித்துக்கொண்டால் கணக்குப் படித்த உங்களுக்கு அவரைப் போல ஒத்துப்போகிற ஆள் வேறு யாரும் இல்லை.

தேடும்போது எழுத்துக்கூட்டில் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் பால்காட் என்பதை இன்றைய வழக்கப்படி மட்டும் அடித்தால் பாதி தப்பிவிடும். பழைய ராணுவக் குறிப்புகளில் கடைசியில் "சேரி" சேர்த்து எழுதுவார்கள். "கா" வரும் இடத்தில் ஒரு யு எழுத்தைச் சொருகுவார்கள். சிலர் "பா"விலும் சொருகுவார்கள். புக்கானன் தம் வழக்கப்படி பாலிகாட் என்கிறார். இதோடு, நகலெடுத்த பக்கங்களைக் கணினி படிக்கும்போது தன் பங்குக்கும் கொஞ்சம் கெடுக்கும். நூலின் கடைசியில் மனிதர் தயாரித்த சொல்லடைவு இருந்தால் அதைத்தான் நம்ப வேண்டும்.

உங்கள் தேதிக்கு வருவோம். அது கொல்லம் ஆண்டு, மலையாள நாட்டு ஆண்டுக்கணக்கு. அதோடு தனு மாதத்துப் பாதிவரை 824 கூட்டுங்கள், அதற்குப் பிறகு 825. சந்தேகம் வந்தால் வீட்டில் பெரியவர்கள் சொல்லும் "தொண்ணூற்றொன்பது வெள்ள"த்தை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்: 1099 கர்க்கடகம், அதாவது 1924 ஜூலை. ஆகவே 1076 மகரம் 14 என்பது 1901 ஜனவரி கடைசி வாரம். விக்டோரியா ராணி அந்த ஜனவரி 22ஆம் தேதிதான் கண்ணை மூடினார். முத்திரைத்தாளின் தலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அவர் முகம் இருக்க வேண்டும். நாலைந்து வாரம் கழித்து, மார்ச் 1ஆம் தேதி இரவு, சென்சஸ் எடுத்தார்கள். மேலே சொன்ன 44,177 பேரில் உங்கள் கொள்ளுத்தாத்தாவும் ஒருவர்.

ஒரு எச்சரிக்கை. மலபாரில் கொல்லம் ஆண்டு கன்னி ஒன்றாம் தேதி பிறக்கும். திருவிதாங்கூரில் சிங்ஙம் ஒன்றாம் தேதியே பிறந்துவிடும். சிங்ஙம் மாதத்துக் காகிதம் ஏதாவது கையில் வந்தால் அது எந்தப் பக்கத்தில் எழுதியது என்று பார்க்காமல் ஆண்டு சொல்லாதீர்கள், ஒரு வருடம் பிசகிவிடும்.

ரயிலைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதுதான் நான் சோறு தின்ற இலாகா, ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். சுருக்கமாக: சென்னையிலிருந்து பேப்பூர் வரை தண்டவாளம் 1862இல் இணைந்தது. ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை, ஒலவக்கோட்டில். அங்கிருந்து கடைவீதிக்கு மூட்டை எப்படி வந்திருக்கும்? உங்கள் மாட்டுவண்டிக்காரர்கள் ரயிலால் பிழைப்பு இழந்தார்கள் என்று முன்கூட்டியே முடிவு கட்டாதீர்கள். தூர ஓட்டம் போயிருக்கலாம், ஸ்டேஷன் ஓட்டம் வந்திருக்கலாம். பொள்ளாச்சிப் பாதை 1932இல்தான் வந்தது. அதுவரை அந்தப் பக்கத்துச் சரக்கு சாலையில்தான்.


வாளையாறு வண்டி

லோகனை நான் படித்திருக்கிறேன் சார். முதல் தொகுதி.


ஒலவக்கோட்டு ஓய்வூதியன்

அப்படியானால் இரண்டாவதையும் எடுங்கள். பின்னிணைப்புகளில் பழைய ஆதாரங்களின் மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன, நிலச் சொற்களுக்கு நீண்ட அகராதியும் இருக்கிறது. அந்தப் பேத்திக்கு லோகனால் ஆகக்கூடிய பெரிய உபகாரம் அதுதான்.


சித்தூர் டீச்சர்

ஓய்வூதியன் சார் சொன்னது பாலக்காட்டு நகரத்துக்குச் சரி. அதை எங்கள் பக்கத்துக்கு யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வலியங்காடியிலிருந்து பஸ் ஏறினால் சித்தூர் எட்டிவிடும் தூரம்தான். ஆனால் சித்தூர், தத்தமங்கலம், நெம்மாறை எல்லாம் கொச்சி ராஜ்யம். 1949இல் திருவிதாங்கூர்–கொச்சி, பிறகு 1957 ஜனவரி 1இல் பாலக்காடு மாவட்டம் பிறக்கும்வரை நாங்கள் திருச்சூர் மாவட்டம். எங்கள் ஊர்க் காகிதம் எர்ணாகுளம் மண்டல ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. லோகனில் எங்களைத் தேடினால் ஏமாற்றம்தான். அச்சுதமேனோன் எழுதிய கொச்சி ஸ்டேட் மேனுவல், 1911, அதைப் பார்க்க வேண்டும். அதுவும் இணையத்தில் இருக்கிறது.

இது பேத்திக்கு எதற்கு என்றால், அவர் கொள்ளுத்தாத்தா மண்டிக்கு வந்த நெல்லில் ஒரு பகுதியாவது எங்கள் வயலில் விளைந்திருக்கும். அந்த நெல் வண்டி ஒரு ராஜ்யத்தில் புறப்பட்டு இன்னொன்றில் இறங்கியது. 1865இல் சென்னை அரசும் திருவிதாங்கூரும் கொச்சியும் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கையால் எல்லைச் சௌக்கைகளின், அதாவது சுங்கச்சாவடிகளின், கெடுபிடி பெரும்பாலும் நீங்கியது. அதற்கு முன்னும் பின்னும் நெல் நடமாட்டம் எப்படி மாறியது என்பதைக் கொச்சிப் பக்கத்துக் காகிதம் இல்லாமல் சொல்ல முடியாது. தெரு மலபாரில் இருந்தாலும் அதன் கதையில் பாதி எர்ணாகுளத்தில் கிடக்கிறது.

இனி அந்த ஆதாரம். 1901 என்றால் எழுத்து இன்றைய மலையாளம்தான், வட்டெழுத்தும் கோலெழுத்தும் கிடையாது, பயப்படாதீர்கள். குமாஸ்தாக்கள் கூட்டி எழுதுவார்கள், அதுதான் சிக்கல். ஒரே எழுத்தாளர் ஒரு எழுத்தை எப்போதும் ஒரே மாதிரிதான் வளைப்பார். உங்களுக்குத் தெரிந்த சொற்களிலிருந்து தொடங்குங்கள்: பாலக்காடு, அம்சம், தேசம், மகரம். அந்தச் சொற்களில் அவர் கை எப்படி வளைகிறது என்று ஒரு தாளில் வரைந்துகொண்டால் மற்றவை மெல்ல வழிக்கு வரும். பிறகு காணம், ஒற்றி, வெறும்பாட்டம், தீறு என்ற நான்கில் எது இருக்கிறது என்று மட்டும் தேடுங்கள். காணம் என்றால் முன்பணம் கொடுத்துப் பிடிப்பது, வெறும்பாட்டம் என்றால் வெறும் குத்தகை, தீறு என்றால் முழுக் கிரயம். மற்றவற்றுக்குக் குண்டர்ட்டின் மலையாள அகராதி, 1872, கைகொடுக்கும். ஜெர்மனியில் ட்யூபிங்கன் பல்கலைக்கழகம் அவருடைய சேகரிப்பையே இணையத்தில் ஏற்றியிருக்கிறது. பழைய மலையாள அச்சு நூல்களுக்கு "கிரந்தப்புர" என்ற தளமும் உண்டு.

முக்கியமான இரண்டு இடங்களைச் சொல்லவா? ஒன்று, தாளின் பின்பக்கம். பதிவு செய்த ஆதாரமாக இருந்தால் புத்தக எண், தொகுதி எண், பக்கம், ஆதார எண் எல்லாம் அங்கே எழுதி ஒப்பமிட்டிருப்பார்கள். கேரளத்தின் முதல் பதிவு அலுவலகம் அஞ்சரக்கண்டியில் 1865இல் வந்தது. 1901 ஆகும்போது பதிவு ஊன்றிப் பழகிவிட்ட விஷயம். அந்த எண்ணைக் காட்டினால் சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் நகல் கேட்கலாம். மற்றொன்று, நாலதிர். கிழக்கே யார் கடை, மேற்கே யார் வீடு, வடக்கே எந்த வழி, தெற்கே எந்தச் சுவர் என்று எழுதியிருக்கும். ஒரு ஆதாரத்தில் உங்களுக்கு நான்கு பக்கத்துக்காரர்கள் கிடைத்துவிட்டார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் யாராவது இன்னும் அந்தத் தெருவில் இருந்தால் அவர்கள் வீட்டு ஆதாரத்தின் நாலதிரையும் கேளுங்கள். இப்படி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போனால் 1901ஆம் ஆண்டுத் தெருவை வரிசையாக வரைந்துவிடலாம். எந்தக் கெசட்டியரும் இதைத் தராது.

ஆதாரத்தைக் கையில் கேட்காதீர்கள், நாலதிர் வரும் பக்கத்தை மட்டும் படம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். சொத்து வழக்கு வரப்போகிறதோ என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு.

ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் தேரோடும் கச்சேரியோடும் நிறுத்திக்கொள்கிறார்கள். 1920களில் கல்பாத்தி வீதிகளில் ஈழவர் நடக்கக் கூடாது என்ற தகராறு எழுந்து சென்னைச் சட்டமன்றம் வரை போனது. அதே ஊர்க்காரரான டி.ஆர். கிருஷ்ணசுவாமி ஐயர் 1923இல் அகத்தேத்தறையில் சபரி ஆசிரமம் தொடங்கி, எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்துச் சோறு போட்டார். காந்தி 1934 ஜனவரியில் ஹரிஜனப் பயணமாகப் பாலக்காடு வந்தார். அவர் பேச்சும் கடிதமும் அடங்கிய நூறு தொகுதிகளும் இணையத்தில் தேடிப் படிக்கும் வசதியோடு இருக்கின்றன. வலியங்காடியைப் பற்றி எழுதும்போது அங்கே கடை வைத்தவர்களோடு, மூட்டை சுமந்தவர்கள் யார், எந்த வழியாக வந்தார்கள், எங்கே தண்ணீர் குடித்தார்கள் என்பதையும் தேடுங்கள் பேத்தி. ஆதாரத்தில் அவர்கள் பெயர் இருக்காது.


அரிசிக்கடைப் பேத்தி

டீச்சருக்கும் ஓய்வூதியன் சாருக்கும் நன்றி. முத்திரைத்தாளில் ராணி முகம் இருக்கிறது! இத்தனை நாள் அதை ஏதோ பூ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பின்பக்கம் எண்கள் இருக்கின்றன, ஒன்று மட்டும் செல்லரித்திருக்கிறது. நாலதிரில் மேற்குப் பக்கம் "சர்க்கார் வழி" என்பதைப் படித்துவிட்டேன். சொல் "ஒற்றி"தான். ஆக, எங்கள் கடை என்று மூன்று தலைமுறை பெருமை பேசியது அந்த நாளில் அடமானத்துக்குப் பிடித்த கடை. அத்தையிடம் இதை இப்போதைக்குச் சொல்லப் போவதில்லை.

இன்னும் இரண்டு கேள்வி. அந்தக் காலத்துப் புகைப்படம், வரைபடம் எங்காவது இருக்குமா? ஒற்றி என்றால் பின்னால் வழக்கு ஏதாவது நடந்திருக்குமா, அதைத் தேடும் வழி உண்டா?


கொல்லங்கோட்டுக்காரன்

படத்துக்கு பாசல் மிஷன். 1858இல் அவர்கள் பாலக்காட்டில் நிலையம் தொடங்கினார்கள். மிஷனின் பழைய புகைப்படங்களும் வரைபடங்களும் சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்துக் காப்பகத்தில் இருக்கின்றன. தளத்தில் ஊர்ப்பெயர் போட்டுப் பார்க்கலாம். விளக்கங்கள் பல ஜெர்மன் மொழியில் இருக்கும், மொழிபெயர்ப்பியில் போட்டால் விளங்கிவிடும். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: மிஷன்காரர் கேமரா மிஷனைத்தான் பார்க்கும். பள்ளிக்கூடம், சபை, தொழிற்சாலை, பாதிரியார் வீட்டுத் திண்ணை. கடைவீதி தற்செயலாக ஓரத்தில் விழுந்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஆகவே படத்தின் நடுவைப் பார்க்காமல் ஓரங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

வரைபடத்துக்கு டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம். அமெரிக்க ராணுவத்தார் 1950களில் அச்சிட்ட இந்திய வரைபடங்கள் முழுவதும் அங்கே இலவசம். இரண்டரை லட்சத்துக்கு ஒன்று என்ற அளவு. சாலையும் தண்டவாளமும் ஆறும் தெரியும், உங்கள் தெரு தெரியாது. பொள்ளாச்சி, கொல்லங்கோடு, பாலக்காடு மூன்றும் எப்படிக் கோத்திருந்தன என்று பார்க்க அது போதும். தெருவளவு வேண்டுமென்றால் சர்வே இலாகாவின் நகர அளவைத் தாளைத்தான் கேட்க வேண்டும், அது இணையத்தில் தேடும் காரியம் இல்லை.

தமிழ்ப் பத்திரிகைக்கு, சென்னைத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். 1994 முதல் நடக்கிறது. நேரில் போவதற்கு முன் அவர்கள் பட்டியலை இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் பழைய இதழ்கள் உண்டு. மலையாள இதழ்களுக்குத் திருச்சூர். சாகித்திய அகாதமியைச் சேர்ந்த அப்பன் தம்புரான் நூலகம் அதற்கென்றே இருக்கிறது. பக்கத்திலேயே இருப்பதை விட்டுவிடாதீர்கள்: கிராமத்து வாயனசாலைகள், அதாவது படிப்பகங்கள். வெள்ளிவிழா, பொன்விழா என்று ஆளுக்கொரு மலர் போட்டிருப்பார்கள். விளம்பரப் பக்கங்களைப் பாருங்கள். கடைப்பெயர், முகவரி, என்ன விற்றார்கள் எல்லாம் அதில் இருக்கும். கட்டுரைகளை நான் அதிகம் படித்ததில்லை, எல்லாம் வாழ்த்துரை.


ஒலவக்கோட்டு ஓய்வூதியன்

வழக்குக்கு வழி இருக்கிறது. முன்சீப் கோர்ட்டோடு முடிந்திருந்தால் இணையத்தில் வராது. அப்பீல் போய்ச் சென்னை உயர் நீதிமன்றம் வரை ஏறி, தீர்ப்பு அறிக்கைகளில் அச்சாகியிருந்தால் இந்தியன் கானூன் தளத்தில் கிடைக்க வாய்ப்பு உண்டு. 1876 முதல் சென்னைக்கென்று தனித் தீர்ப்பு வரிசை வருகிறது. கொள்ளுத்தாத்தா பெயரை மட்டும் போடாதீர்கள், ஒரே பெயரை ஆங்கிலத்தில் பத்து விதமாக எழுதுவார்கள். ஊர்ப்பெயரையும் ஒற்றி, காணம் என்ற சொற்களையும் சேர்த்து, 1900 முதல் 1930 வரை என்று ஆண்டைக் கட்டிப் பாருங்கள். உங்கள் குடும்பம் அகப்படாமல் போகலாம். ஆனால் பாலக்காட்டு வியாபாரிகள் எதற்கெல்லாம் சண்டை போட்டார்கள் என்பது அகப்படும். பாகம், கூட்டு வியாபாரம், அடமானம், பொது வழி. தீர்ப்பின் முதல் இரண்டு பத்தியில் வழக்கின் கதையை நீதிபதி சொல்லிவிடுவார், அதைப் படித்தால் போதும். சட்ட வாதம் நமக்கு வேண்டாம்.

சென்சஸ் அறிக்கைகள் ஜேஸ்டோரில் தெற்காசியத் திறந்த காப்பகம் என்ற பகுதியில் இலவசம். கடைவீதித் தமிழ் எத்தனை தலைமுறைப் பழக்கம் என்ற உங்கள் பழைய கேள்விக்கு, மலபாரில் எத்தனை பேர் தமிழ் பேசினார்கள் என்று சொல்லும் மொழி அட்டவணையைப் பாருங்கள். 1901, 1911, 1921, 1931 என்று நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் அர்த்தம் வரும். ஒற்றை ஆண்டை வைத்துக்கொண்டு யாரும் கட்டுரை எழுத வேண்டாம். இணையத்தில் அப்படி எழுதியவை ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

எர்ணாகுளம் போகும் யோசனையை டீச்சர் கிளப்பியது நியாயம்தான். ஆனால் முதலில் கோழிக்கோடு. இதையெல்லாம் வீட்டில் முடித்துக்கொண்டு பிறகு கிளம்புங்கள். அடையாள அட்டை, ஆராய்ச்சி எதற்கு என்று விளக்கும் ஒரு கடிதம், பென்சில், வெள்ளைத்தாள் கையோடு இருக்கட்டும். பேனாவை உள்ளே விடாத காப்பகங்கள் உண்டு. என்ன நடைமுறை என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள், படம் எடுக்கலாமா, நகல் தருவார்களா என்பதும் சேர்த்து.

விண்ணப்பத்தில் "வலியங்காடியின் வரலாறு" என்று எழுதாதீர்கள். அப்படி ஒரு கட்டு எந்த அலமாரியிலும் கிடையாது; காப்பகத்துக்காரர் இல்லை என்பார், நீங்கள் திரும்பி வருவீர்கள். அரசாங்கம் தன் வேலைக்காகக் கட்டிய கட்டுகள் அவை. இலாகா, ஆண்டு, பொருள், இந்த மூன்றில்தான் பேச வேண்டும். பாலக்காடு முனிசிபாலிட்டி 1866இல் வந்தது. அதைப் பற்றிக் கலெக்டருக்கும் மேலிடத்துக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தைக் கேளுங்கள். சந்தை, சாலை, சாக்கடை, வரி என்று பொருளைச் சொல்லுங்கள். ஆண்டு 1895 முதல் 1905 வரை போதும். முதல் நாள் பட்டியலை மட்டும் பாருங்கள், கட்டு எதுவும் கேட்காதீர்கள். பட்டியலைப் பொறுமையாகப் புரட்டினால், நீங்கள் கேட்க நினைக்காத பெயரில் உங்கள் சாக்கடை இருக்கும்.


சித்தூர் டீச்சர்

செல்லரித்த அந்த எண் ஆதார எண்ணா, பக்க எண்ணா பேத்தி? பக்க எண்ணாக இருந்தால் கவலை இல்லை, தொகுதியும் ஆதார எண்ணும் போதும். ஆதார எண்ணாக இருந்தால், தேதியையும் இரு தரப்புப் பெயர்களையும் கொடுத்து சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் அட்டவணையில் தேடச் சொல்லி மனுக் கொடுக்கலாம். தேடுவதற்குத் தனிக் கட்டணம் வாங்குவார்கள். மனுவை மலையாளத்தில் எழுதுங்கள். எழுத வராவிட்டால் எனக்குத் தமிழில் அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை மாற்றித் தருகிறேன்.